ஒன்றரை வோல்ட்

வெள்ளிக்கிழமை காலை லட்சுமம்மா தன் மகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தபோது தூறல் இன்னும் விட்டிருக்கவில்லை. ஜீவனஹள்ளி மார்க்கெட்டில் கீரை விற்பவள் அவள். கடையைப் பக்கத்துக் கொத்தமல்லிக்காரியிடம் ஒப்படைத்துவிட்டு ஓடி வந்திருந்தாள். நனைந்த முந்தானையில் வெந்தயக்கீரைத் தழை ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. மகள் வீணாவுக்கு ஒன்பது வயது. பிறந்ததிலிருந்து காது கேட்காது. அந்தப் பள்ளிக்கூடமே அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கானதுதான். பின்கட்டில், சமையலறைக்கும் விறகு போடும் இடத்துக்கும் நடுவே ஒரு சின்ன அறை. பிள்ளைகளின் காது மிஷின்களைப் பழுது பார்க்கும் பார்கவி அங்கே உட்கார்ந்திருந்தாள். லட்சுமம்மா நேராக அங்கேதான் வந்தாள்.

"அக்கா, இத எப்பிடியாச்சும் சரி பண்ணிக் குடுத்துடுக்கா. இனிமே தண்ணில போட மாட்டா. போடாத மாதிரி நல்லா குடுத்துட்டேன்."

"யாரு தண்ணில போட்டது?"

"இவதான். ஸ்கூல்லேந்து சீட்டு வந்துச்சில்ல? எதுத்த வூட்டு டீச்சரம்மா படிச்சிக் காட்னாங்க. பிள்ளை தண்ணில போட்டதால மிஷினு கெட்டுப்போச்சி, பெத்தவங்கதான் பொறுப்புன்னு எயுதியிருந்தாங்க. எனக்கு இருந்த கோவத்துல தோசைத் திருப்பியாலயே இழுத்துட்டேன்."

வீணாவின் இடது முழங்கைக்குக் கீழே நீளமாக ஒரு கோடு சிவந்து தடித்திருந்தது. அவள் அழவில்லை. இரண்டு பெண்களின் உதடுகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பார்கவி சால்டரிங் அயர்னைத் தாங்கியில் வைத்தாள். வீணாவின் காது மிஷின் அவள் கைக்கு வந்தபோது எந்தக் கேடும் இல்லாமல் இருந்தது. காதுக்குப் போகும் ஒயர் மட்டும் அறுந்திருந்தது. புது ஒயரைப் போட்டுச் சரிபார்ப்பதற்காக, செல்லுக்குப் பதில் சுவர்க் கரண்டிலிருந்து வேண்டிய வோல்ட்டைத் தரும் பவர் சப்ளைப் பெட்டியில் மாட்டினாள். அப்போது கரண்ட் போனது. திரும்பி வந்தபோது மிஷின் செத்துக் கிடந்தது. இரண்டு மாதத்தில் இப்படி ஆறு. ஒவ்வொரு தடவையும் 'இனி உதவாது' என்று ஆபீஸ் நோட்டில் எழுதி வைத்தாள். அதை வைத்துக்கொண்டு ஆபீஸ் பெற்றவர்களுக்கு என்ன எழுதியது என்று அவளுக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது.

"இவ தண்ணில போடல லட்சுமம்மா."

"அப்ப சீட்டுல இருந்தது?"

"சீட்ட எயுதனவங்கள நான் கேக்கறேன். நீ போயி கடையப் பாரு. பொண்ணு மேல மட்டும் இனிமே கைய வெக்காத."

லட்சுமம்மா போன பிறகு பார்கவி வெகுநேரம் அந்த பவர் சப்ளையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெண்ணெய் நிறத்தில் பளபளவென்று இருக்கும் பெட்டி அது. முன்னால் சிவப்பு எண்கள் எரியும். பூஜ்யத்திலிருந்து முப்பது வோல்ட் வரை எவ்வளவு வேண்டுமோ திருகி வைத்துக்கொள்ளலாம். மேலே பித்தளைத் தகட்டில் 'அமரர் வெங்கடப்பா நினைவாக' என்று பொறித்திருந்தது. பள்ளிக்கூடத்தின் டிரஸ்டிகளில் ஒருவரான கிருஷ்ணப்பா தன் அப்பா நினைவாக மார்ச்சில் கொடுத்தது. மாலை போட்டு, தேங்காய் உடைத்து, போட்டோ எடுத்து வைத்த பெட்டி.

பிள்ளைகள் மார்பில் மாட்டிக்கொள்ளும் காது மிஷினுக்கு ஒரே ஒரு பென்சில் செல்தான் உயிர். ஒன்றரை வோல்ட். அதற்குமேல் மூன்று கொடுத்தால் திணறும், பத்து கொடுத்தால் உள்ளே இருக்கும் சிப் அந்த நொடியே வெந்துவிடும். பார்கவி தொழில் தெரியாதவள் இல்லை. மர்பி டவுனிலிருந்து ஒன்பது வருடம் ரேடியோ பாக்டரிக்குப் போய் வந்தவள். பாக்டரி மூடிய பிறகு இங்கே வந்து ஆறு வருடம். பெட்டியை ஒன்றரையில் நிறுத்திவிட்டுத்தான் எப்போதும் மிஷினை மாட்டுவாள். அப்படியும் ஏன் சாகிறது?

வாட்ச்மேனின் பேனா டார்ச்சிலிருந்து ஒற்றைச் செல் பல்பைக் கழற்றி வந்தாள். பெட்டியை ஒன்றரையில் வைத்து பல்பை மாட்டினாள். அழகாக எரிந்தது. சுவரில் இருந்த ஸ்விட்சை அணைத்தாள். பத்து எண்ணினாள். திரும்பப் போட்டாள். பல்பு பளீரென்று வெள்ளையாக வெடித்து அணைந்தது. சிவப்பு எண்கள் ஒன்றும் அறியாதவை போல 1.50 என்று காட்டின.

காக்ஸ் டவுன் கடைவீதிக்கு ஓடி அதேபோல ஒரு டஜன் பல்பு வாங்கி வந்தாள். இரண்டாவதும் போனது. மூன்றாவதும் போனது. கரண்ட் போய்த் திரும்பும்போதெல்லாம் அந்தப் பெட்டி முதலில் ஒரு துள்ளு துள்ளிவிட்டு அப்புறம்தான் ஒன்றரைக்கு இறங்குகிறது. தொண்ணூற்றாறாம் வருடம், ஜூலை மாதம், அந்தப் பக்கத்தில் ஒரு நாளைக்கு நாலைந்து தடவை கரண்ட் போய் வந்துகொண்டிருந்தது.

ஹெட்மிஸ்ட்ரஸ் கேத்தரின் ரிச்சர்ட்ஸ் டவுன்காரர். மெதுவாகப் பேசுவார். பார்கவி கொண்டுவந்து மேஜையில் வைத்த கருகிய பல்புகளைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பார்கவி, கிருஷ்ணப்பா சார் நமக்கு மேல்மாடி கட்டித் தரேன்னு இருக்காரு. அவர் அப்பா பேர்ல குடுத்த சாமான் பிள்ளைங்க மிஷினை எரிச்சிடுச்சுன்னு நான் எப்படிப் போய்ச் சொல்ல?"

"அதுக்காக பிள்ளைங்க தண்ணில போட்டுச்சின்னு சொல்லலாமா மிஸ்?"

"அது கிளார்க் எழுதினது. நானும் சரியாப் படிக்காம கையெழுத்துப் போட்டுட்டேன்." கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். "அடுத்த சனிக்கிழமை டிரஸ்ட் மீட்டிங். இந்த ஆறு மிஷின் விஷயம் வரும். கவனக்குறைவா நடந்துடுச்சுன்னு நீ ஒரு லெட்டர் குடுத்துடு. யாரும் உன்னை ஒண்ணும் செய்ய மாட்டாங்க. பைல் மூடிடும்."

"பிள்ளைங்க மேல போட்ட பழிய எடுத்து எம்மேல போடறீங்க."

"பழின்னு ஏன் நினைக்கிற?"

"வேற இன்னான்னு நெனைக்கிறது?" பார்கவி எழுந்தாள். "லெட்டர் குடுக்க மாட்டேன் மிஸ். நல்ல சப்ளை வர்ற வரைக்கும் ஒரு பிள்ளை மிஷினையும் அதுல மாட்டவும் மாட்டேன்."

"செல் போட்டுப் பார்த்தாப் போதாதா?"

"புது செல்லு போட்டா எல்லா மிஷினும் நல்லாத்தான் பாடும். வூட்ல நாலு நாள் ஓடி செல்லு எறங்கி ஒண்ணு புள்ளி ரெண்டுக்கு வரும் பாருங்க, அப்பத்தான் கொரகொரன்னும். பிள்ளைக்கு அத சொல்லத் தெரியாது. நான் இங்கயே ஒண்ணு புள்ளி ரெண்டுல வெச்சிப் பாத்துதான் அனுப்பணும். அதுக்குத்தான் சப்ளை."

பழுதுக்கு வந்த இருபத்தேழு மிஷின்கள் அட்டைப்பெட்டியில் காத்துக் கிடந்தன. கேத்தரின் அதையும் யோசித்தார் போலும். "நல்லதா எது இருக்குன்னு பார்த்து ஒரு கொட்டேஷன் வாங்கிட்டு வா. மீட்டிங்ல வைக்கிறேன். மத்ததை நான் பேச முடியாது" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மர்பி டவுனில் மழை கொட்டியது. சமையல் செய்யும் தடுப்புக்கு மேல் தகரக் கூரை. அந்தச் சத்தத்தில் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. வீட்டில் இருப்பது இரண்டே பேர். பார்கவி ராகி மாவைக் கொட்டிக் களி கிளறிக்கொண்டிருந்தாள். அடுத்த அடுப்பில் கருவாட்டுக் குழம்பு கொதித்தது. அவள் கணவன் ஷங்கர் சட்டையில்லாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். கிருஷ்ணப்பாவுக்கு ஒயரும் ஸ்விட்சும் விற்கிற பெரிய கடை உண்டு. அந்தக் கடையின் வேனைப் பதினொரு வருடமாக ஓட்டுகிறவன் ஷங்கர்தான். பார்கவிக்குப் பள்ளிக்கூட வேலை கிடைத்ததே அந்த வழியில்தான்.

"நேத்து சாயந்தரம் மொதலாளி கூப்ட்டாரு" என்றான்.

"இன்னான்னாரு?"

"உன் பொண்டாட்டி எங்கப்பா பேர கெடுக்கறாளாமேன்னாரு. வேற ஒண்ணும் சொல்லல. வண்டி சாவிய கைல வெச்சி ஆட்டிக்கினே இருந்தாரு."

பார்கவி துடுப்பை நிறுத்தவில்லை. களி இறுகி வந்துகொண்டிருந்தது.

"ரெண்டு வரிதானே? எயுதிக் குடுத்துடேன். கவனிக்கல, மன்னிச்சிடுங்கன்னு. யாரு படிக்கப் போறா அத?"

"நான் படிப்பேன்."

"இன்னாத்துக்கு இவ்ளோ வீம்பு?"

"லட்சுமம்மா பொண்ணு கைய நீ பாக்கல. தோசைத் திருப்பில இழுத்துகிறா. அது வாயத் தொறந்து நான் போடலன்னு தெளிவா சொல்லக்கூட முடியாத பிள்ள. ஆறு வூட்ல இந்த சீட்டு போயிகீது. இன்னும் அஞ்சு வூட்ல இன்னா நடந்துச்சோ."

"அதுக்கு நாம தெருவுல நிக்கணுமா?"

"தெருவுல நிக்கச் சொல்லி நான் சொன்னேனா? நான் பண்ணாத தப்ப பண்ணேன்னு எயுத மாட்டேன்னு சொல்றேன். பாக்டரில ஒம்பது வருஷம், ஒரு போர்டு என் கையால எரிஞ்சதுன்னு ஒருத்தன் சொல்ல முடியாது. இப்ப ஒரு பெட்டிக்குப் பயந்துகினு சொல்லுவேனா?"

"பெட்டி இல்ல பார்கவி. மொதலாளி."

"ரெண்டும் ஒண்ணுதான். மேல பளபளன்னு கீது, கரண்ட் வந்தா எகிறுது."

ஷங்கருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை அடக்கப் பார்த்துக் கோபம் அதிகமானது. சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு மழையிலேயே வெளியே போனான். பார்கவி களியை உருட்டி இரண்டு தட்டில் வைத்தாள். ஒன்றை மூடினாள். மற்றதைத் தன் முன் வைத்துக்கொண்டு முழுதும் சாப்பிட்டாள்.

செவ்வாய்க்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு பஸ் ஏறி எஸ்.பி. ரோடுக்குப் போனாள். தெரு முழுக்க எலக்ட்ரானிக்ஸ் கடைகள். சாக்கடையும் மழைத்தண்ணீரும் கலந்து கணுக்கால் வரை ஓடியது. பையில் மல்டிமீட்டரும், பஞ்சில் சுற்றிய பல்புகளும் இருந்தன. முதல் கடையில் கவுண்ட்டருக்குப் பின்னால் இருந்தவன் ஒரு புத்தகத்தைத் திருப்பிக் காட்டினான்.

"இதுல எல்லாம் போட்டிருக்கும்மா. ரெகுலேஷன் பாயிண்ட் ஜீரோ ஒன் பர்சென்ட், வெச்ச வோல்ட் அசையவே அசையாது. கண்ண மூடிக்கிட்டு வாங்கலாம்."

"கண்ணத் தொறந்துகினே பாக்கறேன். ஒன்றரைல வெச்சி இந்த பல்ப மாட்டுங்க. மெயின அணைச்சிப் போடுங்க."

பல்பு போனது. இரண்டாவது கடையில் பல்பு பிழைத்தது. ஆனால் வோல்ட்டைத் திருகும் குமிழை விரல் நுனியால் தொட்டதும் ஒன்றரையிலிருந்து இரண்டரைக்குத் தாவியது. மூன்றாவது கடையில் ஒரு பல்புக்கு 1.50 காட்டிய பெட்டி, நாலு பல்பு சேர்த்து மாட்டியதும் 1.31க்குச் சரிந்தது. நாலாவது கடையில் அவள் பல்பை எடுத்ததுமே கூட்டம் சேர்ந்துவிட்டது.

"ஏம்மா, தீவாளிக்கு இன்னும் நாள் கெடக்கு. வாங்கறதுன்னா வாங்கு, இல்லன்னா ஜாகா காலி பண்ணு. பவர் சப்ளை பத்தி உனக்கு இன்னா தெரியும்? உங்க ஸ்கூல் சாரை வரச் சொல்லு."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பார்கவி நகரவில்லை. "எனக்குத் தெரியலன்னா நீங்க காட்டுங்க. மெயின அணைச்சிப் போட இன்னா பயம்?"

"போட்டுக் காட்டுப்பா" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. ஷங்கர். கடைக்காக ஒயர் பண்டல் ஏற்ற வந்தவன், வேனை எதிரில் நிறுத்திவிட்டு எவ்வளவு நேரமாக நின்றானோ. தலையில் துண்டு கட்டியிருந்தான். கவுண்ட்டருக்குள் கையை நீட்டி அவனே ஸ்விட்சை அணைத்தான். பத்து வரை சத்தமாக எண்ணினான். போட்டான்.

பல்பு பட்டென்று வெடித்தது. சிரித்தவர்களில் ஒருவன் "அடேங்கப்பா" என்றான்.

ஷங்கர் கருகிய பல்பைக் கையில் வாங்கி உருட்டிப் பார்த்தான். "இப்பிடித்தான் ஆவுதா?" என்று அவளிடம் கேட்டான்.

"இப்பிடித்தான்."

அவன் ஒயர் பண்டல் ஏற்றும் ஆளிடம் கேட்டு, சந்துக்குள் மாடியில் மைக்கேல்ராஜ் என்று ஒருத்தர் காலேஜ் லேபுகளுக்குக் கையாலேயே சப்ளை செய்து தருகிறார் என்று விசாரித்துச் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தான்.

மைக்கேல்ராஜ் குட்டையான, சிடுசிடுப்பான மனிதர். அறை முழுக்க வார்னிஷ் நாற்றம். அவர் காட்டிய பெட்டி சாம்பல் நிறத்தில் மூட்டைபோல் கனத்தது. பல்பை மாட்டச் சொன்னதும் அவர் முகம் சுளிக்கவில்லை. மெயினைப் பத்து தடவை அணைத்து அணைத்துப் போட்டார். பல்பு ஒவ்வொரு தடவையும் சாதாரணமாக எழுந்து எரிந்தது. கரண்டைக் கூட்டிக் குறைக்கும் உருளை ஒன்று அவரிடம் இருந்தது. அதைத் திருகி, வரும் கரண்டை நூற்றெழுபது வோல்ட்டுக்கு இறக்கினார், இருநூற்றைம்பதுக்கு ஏற்றினார். பார்கவியின் மீட்டர் 1.50ஐ விட்டு அசையவில்லை. நாலு பல்பு மாட்டினாள். 1.49.

"போதுமா?"

"போதாது. குமிழு இதுலயும் முரட்டுத்தனமா கீது. நைசா நகத்த இன்னொரு குமிழு வெக்கணும். அப்பறம் யாரு எப்பிடித் திருப்புனாலும் மூணுக்கு மேல போவக்கூடாது. உள்ளயே கட்டிடுங்க."

"முப்பது வோல்ட் சப்ளையை மூணுக்குக் கட்டிப்போடச் சொல்றியா? என் வேலையைக் கேவலப்படுத்தறியேம்மா."

"எங்க பிள்ளைங்களுக்கு மூணுக்கு மேல வேணாம்ணா."

"எந்தப் பிள்ளைங்க?"

சொன்னாள். மைக்கேல்ராஜ் மூக்கை உறிஞ்சினார். பழைய பில் புத்தகத்தில் கொட்டேஷன் எழுதிக் கொடுத்தார். "பெட்டியை இப்பவே எடுத்துட்டுப் போ. குமிழை வியாழக்கிழமை வந்து நானே போட்டுத் தரேன். வேணாம்னு சொன்னாங்கன்னா திருப்பிக் குடு" என்றார். சொன்னபடியே வந்து செய்தும் கொடுத்தார்.

சனிக்கிழமை மீட்டிங்குக்கு பார்கவி லெட்டர் கொண்டுபோகவில்லை. சாம்பல் பெட்டியையும் வெண்ணெய் நிறப் பெட்டியையும் ஒரே மேஜையில் வைத்திருந்தாள். லட்சுமம்மாவுடன் இன்னும் ஐந்து பிள்ளைகளின் அம்மா அப்பாக்கள் வராந்தாவில் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு நாளாக வீடு வீடாகப் போய் அவள்தான் அழைத்திருந்தாள்.

கிருஷ்ணப்பாவுக்கு அறுபத்தைந்து வயது. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. வலது காதுக்குப் பின்னால் தோல் நிறத்தில் சின்னதாக ஒரு காது மிஷின். நாலு வருடமாக அவருக்கும் காது மந்தம். அந்தப் பள்ளிக்கூடத்தின் பக்கம் அவர் வந்ததே அதற்குப் பிறகுதான்.

"ஏனம்மா இது? சும்னே ஊரையெல்லாம் கூட்டி வச்சிருக்கே? லெட்டர் எங்கே?" என்றார் கன்னடம் கலந்த தமிழில்.

"லெட்டர் இல்ல சார். பாருங்க." வெண்ணெய் நிறப் பெட்டியில் பல்பை மாட்டினாள். அணைத்தாள், எண்ணினாள், போட்டாள். வெடித்தது. சாம்பல் பெட்டியில் மாட்டினாள். அணைத்துப் போட்டாள். எரிந்தது. இன்னொரு தடவை. எரிந்தது.

வராந்தாவில் முணுமுணுப்பு எழுந்தது. கேத்தரின் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பல்பு மட்டமான பல்பு" என்றார் கிருஷ்ணப்பா. "எட்டணா பல்பை வச்சிக்கிட்டு எங்கப்பா பேருக்கு தோஷம் சொல்றியா? மிஷினுக்கு ஒண்ணும் ஆகாது. நீதான் கண்டபடி திருகியிருப்பே."

"சரி சார். பல்பு வேணாம்." பார்கவி கையை நீட்டினாள். "உங்க காது மிஷின கழட்டிக் குடுங்க. அதுக்கும் ஒரு செல்லுதான். உங்க பெட்டில ஒன்றரைல வெச்சி மாட்டறேன். நீங்களே ஸ்விட்ச போடுங்க. ஒண்ணும் ஆவலன்னா இங்கயே எயுதித் தரேன், ஆறும் நான் எரிச்சதுன்னு."

கிருஷ்ணப்பாவின் கை தானாகக் காதுக்குப் போனது. அங்கே போய்ப் பொத்திக்கொண்டு நின்றது. கழற்றவில்லை. பார்கவி நீட்டிய கையை இறக்கவில்லை. சமையலறையில் பருப்பு குக்கர் மூன்று விசில் அடித்து ஓய்ந்தது.

"வெளிநாட்டுச் சாமான் இது" என்றார் கடைசியில்.

"அந்தப் பிள்ளைங்களுக்கு இருந்ததும் ஒரே ஒரு மிஷினுதான் சார்."

அவர் வேட்டியை ஒதுக்கிக்கொண்டு எழுந்தார். பெட்டி மேலிருந்த பித்தளைத் தகட்டை ஒரு நிமிடம் பார்த்தார். அவர் முகத்தில் அப்போது கோபம் இல்லை. அப்பாவை யாரோ நடுத்தெருவில் நிறுத்திவிட்டது போன்ற ஒரு தவிப்பு இருந்தது. "தகட்டைக் கழட்டி வீட்டுக்கு அனுப்பிடுங்க" என்று கேத்தரினிடம் சொல்லிவிட்டுப் படியிறங்கினார். மேல்மாடிப் பேச்சு அதற்கப்புறம் எழவே இல்லை.

"மிஸ், ஆறு சீட்டு போச்சில்ல? இன்னொரு ஆறு சீட்டு போவணும்" என்றாள் பார்கவி.

கேத்தரின் கிளார்க்கைக் கூப்பிடவில்லை. தானே காகிதத்தை எடுத்து, தன் கையாலேயே ஆறு கடிதம் எழுதினார். பிள்ளைகள் மேல் எந்தத் தவறும் இல்லை, பழுது பார்ப்பவர் மேலும் இல்லை, பள்ளியின் சாதனத்தால் கெட்டது, பள்ளியே வேறு மிஷின் வாங்கித் தரும். எழுதி முடிக்க ஒரு மணி நேரமானது. பெற்றவர்கள் காத்திருந்தார்கள்.

ஷங்கர் அன்று மத்தியானமே வேன் சாவியைக் கடை மேஜையில் வைத்துவிட்டு வந்தான். அவர்கள் கேட்கும்வரை காத்திருக்கவில்லை. "கேட்டு வாங்கறதுக்கு முன்னாடி குடுத்துட்டா நம்ம கை மேல" என்று வீட்டில் வந்து சொன்னான். அடுத்த இரண்டு மாதம் அவன் கண்டோன்மெண்ட் ஸ்டேஷன் எதிரில் வாடகைக்கு ஆட்டோ ஓட்டினான். நிறையத் திட்டினான், அவளை அல்ல.

அன்று கடிதம் கைக்கு வந்ததுமே லட்சுமம்மா அதை பார்கவியிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னாள். முழுதும் கேட்டாள். இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, வராந்தாத் தூணைச் சுற்றிக்கொண்டிருந்த வீணாவைப் பிடித்து இழுத்து முன்னால் நிறுத்தினாள். மகளின் உயரத்துக்குக் குந்தி உட்கார்ந்தாள். உதடுகள் நன்றாகத் தெரியும்படி ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"நீ... கெடுக்கல. உன் தப்பு... இல்ல."

வீணா அம்மாவின் வாயைக் கூர்ந்து பார்த்தாள். அவளுக்குப் பேச்சு இன்னும் சரியாகத் திருந்தியிருக்கவில்லை. குரல் எங்கே உயரும் எங்கே தாழும் என்று அவளுக்கே தெரியாது. அந்த வராந்தா முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்:

"எனக்குத் தெரியும்!"